கொள்ளிடத்தில் கிடக்கும் மதில்

இரண்டு நாள் லீவு. வாசலில் கார் நிற்கிறது. 'தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமே' என்று வீட்டில் ஒரு குரல். உடனே நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரிய கோயில், தாராசுரம், கும்பகோணம், நவக்கிரகத்தில் முடிந்தவரை... என்று பேப்பரில் எழுத ஆரம்பிப்பீர்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் கால் வலிக்கும். எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று குழம்பும்!

இந்த ஒரு தடவை எனக்காக அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். தண்ணீர் போகிற வழியிலேயே வண்டியை விடுவோம். ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம், மணலைத்தான் பார்ப்பீர்கள். மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. ஆகஸ்ட்டிலிருந்து ஜனவரிக்குள் போனால் ஆறு ஆறாக இருக்கும். நவம்பரில் மட்டும் கொஞ்சம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் நிறுத்தம், திருச்சிக்கு மேற்கே 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. பிள்ளைகள் பூங்காவில் விளையாடட்டும். நீங்கள் ஆற்றைப் பாருங்கள். அகண்டு வருகிற காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவே ஸ்ரீரங்கம்.

இந்தப் பாகப்பிரிவினையில்தான் தகராறே! கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. கடலுக்குப் போகிற வழியும் அதற்குச் சுருக்கம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லவா வேண்டும்? காவிரியில் வண்டல் சேர்ந்து மேடு தட்ட, வருஷா வருஷம் தஞ்சைக்குப் போகிற பங்கு குறைந்துகொண்டே வந்தது.

1799-ல் இரண்டாம் சரபோஜியிடமிருந்து தஞ்சையின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அவர்களும் கணக்குப் பிள்ளைகள்தானே. தண்ணீர் குறைந்தால் நெல் குறையும், நெல் குறைந்தால் நிலவரி குறையும். (பி.காம் படித்த எனக்கு இந்த இடம் சட்டென்று புரிந்துவிட்டது!) இதைச் சரிசெய்ய வந்தவர் ஆர்தர் காட்டன் என்ற இளம் என்ஜினீயர். கொள்ளிடத்தின் தலைப்பிலேயே குறுக்கே அணை போட்டு, தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பிவிட்டார். 1836-ல் வேலை முடிந்தது. தஞ்சை தப்பித்தது.

அந்த அணை 182 வருஷம் உழைத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரே ராத்திரியில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பக்கத்திலேயே இப்போது புதுக் கதவணை கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து கல்லணை. ஸ்ரீரங்கம் தீவு முடிகிற இடம். பிரிந்துபோன காவிரியும் கொள்ளிடமும் இங்கே மறுபடி நெருங்கி வருகின்றன. விட்டால் மேட்டில் இருக்கிற காவிரி, பள்ளத்தில் இருக்கிற கொள்ளிடத்தில் குதித்துவிடும். அதைத் தடுக்கத்தான் கரிகால் சோழன் பெயர் சொல்லும் இந்த அணை. மணலில் பெரிய பெரிய கற்களைப் போட்டுப் புதையவிட்டு, அதன்மேல் இன்னும் கல், களிமண் என்று எழுப்பியிருக்கிறார்கள். மணல் படுகையில் அஸ்திவாரம் நிற்குமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காட்டனுக்கு இதுதான் பாடப் புத்தகம். பிற்பாடு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டியபோதும் இந்தப் பாடம் அவருக்குக் கைகொடுத்தது. ஆந்திராவில் அவருக்கு ஊருக்கு ஊர் சிலை!

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. சாலை குறுகல்தான், எதிரே வைக்கோல் வண்டி வந்தால் ஓரம் கட்டித்தான் ஆகவேண்டும். பரவாயில்லை, ரசித்துக்கொண்டே போங்கள். திருவையாற்றில் ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி. கையோடு கொஞ்சம் அசோகா அல்வாவும் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ தங்கல்.

மறுநாள் காலை கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டு, திருப்பனந்தாள் வழியாக வடக்கே கிளம்பினால் அணைக்கரை வரும். மறுபடி கொள்ளிடம். பழைய சென்னை - கும்பகோணம் சாலை இந்த அணையின் மேலேதான் போகிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எத்தனை முறை இதைக் கடந்திருப்பீர்கள்? இந்தக் கீழணையும் அதே 1836-ல் வந்ததுதான், காட்டனின் திட்டத்தில். மேலே தடுத்தும் மீறி வருகிற தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகக்கூடாது என்பதற்காக.

நல்ல காரியம்தான். ஆனால் அணை கட்டக் கல் வேண்டுமே! டெல்டாவில் தோண்டினால் களிமண்தான் வரும். கல்லுக்கு எங்கே போவது?

அதற்குப் பதில் தெரிய, பாலத்தைத் தாண்டி இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் போதும். கங்கைகொண்ட சோழபுரம். கங்கைவரை படை அனுப்பிய ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். சுமார் இருநூற்றைம்பது வருஷம் சோழ சாம்ராஜ்யம் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்று செங்கல் அஸ்திவாரம்தான் மிச்சம். கங்கை நீரை விட்டு 'சோழகங்கம்' என்று பெயர் வைத்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. அதுதான் இன்றைய பொன்னேரி.

கோயில் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே ஓடாதீர்கள். முதலில் சுற்றி ஒரு நடை நடங்கள். தஞ்சையில் கோயிலைச் சுற்றிக் கோட்டை மாதிரி திருமதில் நிற்கிறதே, இங்கே அந்த மதில் எங்கே? கோபுரம் எங்கே? கீழணைக்காகக் கம்பெனி ஆட்கள் இடித்து எடுத்துப் போய்விட்டார்கள். சிற்பக் கற்கள் உள்பட!

ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? அதிகாரிகளை அவமதித்ததாகத் தண்டனை! கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். 1855-ல் வெளியான ஒரு பத்திரிகைக் குறிப்பு இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவே இல்லை என்று வருத்தத்தோடு முடிக்கிறது. எழுதியது ஊர்க்காரர்கூட அல்ல, ஆங்கிலத்தில் வந்த குறிப்பு அது.

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதே கோபத்தோடு சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காட்டுமன்னார்கோவில் தாண்டினால் சாலை வீராணம் ஏரிக்கரை மேலே ஏறிவிடும். இந்தப் பக்கம் கடல் மாதிரி தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளத்தில் வயல். வண்டியை நிறுத்தி டீக்கடையில் நின்றேன். 'இவ்வளவு தண்ணி எங்கேர்ந்துங்க வருது?' என்று சும்மா கேட்டேன்.

'அணைக்கரைலேர்ந்துதான் சார், வடவாத்துல வருது' என்றார் டீ ஆற்றியபடியே.

2004-லிருந்து இந்த ஏரித் தண்ணீர்தான் குழாயில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. காரில் நான் எடுத்துப் போயிருந்த பாட்டில், வீட்டுக் குழாயில் பிடித்து, காய்ச்சி ஆறவைத்தது. டிக்கியில் பாதி மிச்சம் இருந்தது.