வேப் டேங்கில் காற்றுத் துளையைத் திறந்து வைத்தால் நிகோடின் குறையுமா?

வேப் டேங்கின் அடியிலோ மேலேயோ சுழற்றக்கூடிய ஒரு சின்ன வளையம் இருக்கும். ஏர்ஃப்ளோ ரிங் என்பார்கள். திருப்பினால் காற்று நுழையும் துளை பெரிதாகும் அல்லது சிறிதாகும். வேலை அவ்வளவுதான். ஆனால், "துளையை முழுசா திறந்துட்டா காத்துதான் அதிகம் வரும், நிகோடின் கம்மியாயிடும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியா?

உள்ளே என்ன நடக்கிறது?

டேங்கில் இருக்கும் திரவத்தைப் பஞ்சு உறிஞ்சும்; காயில் அதைச் சூடாக்கும். வெளியே வருவது வெறும் நீராவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டி, நிகோடின் எல்லாம் கலந்த நுண்துளிகள். துளை வழியாக வரும் காற்று இரண்டு வேலை செய்கிறது: அந்தத் துளிகளை வாய்க்குக் கொண்டு வருகிறது, காயிலையும் குளிர்விக்கிறது.

எந்த இழுப்புக்கு எந்தத் துளை?

சிகரெட் மாதிரி முதலில் வாயில் இழுத்து, பிறகு நுரையீரலுக்கு அனுப்புவது ஒரு வகை. இதற்குத் துளை சிறியதாக இருக்கும். காயில் பெரும்பாலும் 1 ஓமுக்கு மேல், வாட் குறைவு, திரவத்தில் நிகோடின் அதிகம்.

ஹூக்கா மாதிரி நேராக நுரையீரலுக்கே இழுப்பது இன்னொரு வகை. துளை அகலம், காயில் 1 ஓமுக்குக் கீழ், வாட் அதிகம், திரவத்தில் நிகோடின் குறைவு.

இரண்டையும் மாற்றிப் போட்டால்தான் சிக்கல். அதிக வாட் வைத்துவிட்டுத் துளையை மூடினால் காயில் குளிராது. பஞ்சு காய்ந்து கருகல் வாடை வரும். ப்ரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் அதிகமாகச் சூடாகும்போது சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உருவாகின்றன. மாறாக, நிகோடின் அதிகமுள்ள திரவத்தை அகலத் துளையில் நுரையீரல் நிறைய இழுத்தால் தொண்டை எரிச்சல், தலைசுற்றல், குமட்டல் வரலாம்.

அப்போ நிகோடின்?

ஒரு எளிய கணக்கு. மில்லிலிட்டருக்கு 20 மி.கி. நிகோடின் உள்ள திரவத்தில் 2 மி.லி. தீர்த்தால் மொத்தம் 40 மி.கி. 4 மி.கி. திரவத்தில் 10 மி.லி. தீர்த்தாலும் அதே 40 மி.கி. இதில் எவ்வளவு உடலுக்குள் போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அகலத் துளைக்காரர்கள் திரவத்தையும் வேகமாகத் தீர்ப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சிகரெட்டில் இந்தக் கதை ஏற்கெனவே நடந்ததுதான். டீக்கடையில் 'லைட்ஸ்' கேட்கும் நண்பர் நமக்கெல்லாம் உண்டு. இந்த வகை சிகரெட்டுகளின் ஃபில்டரில் நுண்துளைகள் இருக்கும். அமெரிக்காவில் சோதனை இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, 2 வினாடியில் 35 மி.லி. மட்டும் இழுத்தது. அதனால் அளவு குறைவாகக் காட்டியது. மனிதர்களோ விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடினார்கள், இன்னும் ஆழமாக இழுத்தார்கள். உடல் தனக்குப் பழகிய நிகோடினைக் கேட்டு வாங்கிக்கொண்டது. 2010 முதல் 'லைட்' போன்ற சொற்களைப் பாக்கெட்டில் போட அமெரிக்கா தடை விதித்தது.

வேப்பிலும் அதேதான். வளையம் மாற்றுவது சூட்டையும் சுவையையும் இழுக்கும் சுகத்தையும். நிகோடின் அளவைத் தீர்மானிப்பது திரவமும், வாட்டும், நீங்கள் இழுக்கும் விதமும் சேர்ந்துதான்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. ஆன்லைன் விற்பனையும் இதில் அடக்கம். முதல்முறை சிக்கினால் 1 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்திருந்தால் 6 மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிப்பதை மட்டும் தனிக் குற்றமாகச் சட்டம் குறிப்பிடவில்லை. ஆனால் சட்டப்படி வாங்க வழியே இல்லாததால், இங்கே கைமாறும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று சரிபார்க்கவும் வழி இல்லை. லேபிளில் 3 மி.கி. என்று போட்டிருந்தால், அது வெறும் நம்பிக்கைதான்.

குறைக்க நினைத்து வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு: தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை.