கப்பல் பார்க்கக் கோட்டையைத் தேடு!

பெரிய பயணக் கப்பல்களைக் கரையில் நின்றே பார்க்க நல்ல இடம் எது? பழைய கோட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என்பேன் நான். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனையே எடுத்துக்கொள்வோம்.

அங்கே துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் நீர்வழி பார்வைக்கு அகலம்தான். ஆனால் பெரிய கப்பலுக்கு வேண்டிய ஆழம் அதற்குள் ஒரு வாய்க்கால் மாதிரிதான் ஓடுகிறது. அது கால்ஷாட் என்ற நிலமுனைக்குப் பக்கத்தில் வருகிறது. பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பயந்த எட்டாம் ஹென்றி 1540 வாக்கில் சரியாக அந்த முனையில் ஒரு வட்டக் கோட்டை கட்டி பீரங்கி வைத்தார். எதிரி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதைத் தாண்டித்தானே வர வேண்டும்! (கட்டுமானப் பொருட்களில் ஒரு பகுதி, அவரே மூடிய பியூலி மடாலயத்திலிருந்து வந்தது. சிக்கனமான ராஜா!)

345 மீட்டர் நீளமுள்ள குயின் மேரி 2-க்கும் அதே வழிதான். பீரங்கிக்குத் தோதான தூரம் கேமராவுக்கும் தோதாகிவிட்டது. பெரும்பாலும் மாலையில் கிளம்புவார்கள், வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

எதிரே வைட் தீவில் கௌஸ் என்ற ஊர். அங்கேயும் ஹென்றியின் கோட்டை! 1912 ஏப்ரல் 10 அன்று அந்தப் பக்கமாகப் போன டைட்டானிக்கை ஃபிராங்க் பெக்கன் படம் எடுத்தார். 15-ஆம் தேதி விடிவதற்குள் அந்தக் கப்பல் கடலுக்கடியில் போய்விட்டது.