உயர்வலிமை அலுமினியக் கலவைகளில் தகைவு அரிப்பு விரிசல் சோதனை

இழுவிசைத் தகைவும் அரிக்கும் சூழலும் ஒருசேர அமையும்போது உலோகத்தில் தோன்றி வளரும் விரிசல் தகைவு அரிப்பு விரிசல் எனப்படும். இரண்டில் ஒன்றை மட்டும் எளிதாகத் தாங்கும் பாகம், இரண்டும் சேர்ந்தால் வெளியே பெரிய அடையாளம் எதுவும் காட்டாமல் உடைந்துவிடலாம். விமானக் கட்டமைப்பில் பயன்படும் 2000 வரிசை (செம்பு), 7000 வரிசை (துத்தநாகம், மக்னீசியம்) அலுமினியக் கலவைகளில் இது பெரிய கவலை.

சோதனையில் முதலில் கேட்க வேண்டியது, மாதிரி எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதே. தகட்டை உருட்டும்போது உள்ளிருக்கும் உலோக மணிகள் அடுக்கிய அப்பளங்களைப்போலத் தட்டையாகின்றன. விரிசல் மணிகளின் எல்லை வழியாகவே ஓடுவதால், தடிமன் திசையில் இழுத்தால் தகடு மிக எளிதில் பிளக்கும். திசையைக் குறிப்பிடாத சோதனை முடிவுக்கு மதிப்பில்லை.

ஏஎஸ்டிஎம் ஜி47 என்னும் தரப்படுத்திய சோதனை முறையில், சிறிய இழுவிசைத் தண்டுகளோ 'சி' வடிவ வளையங்களோ மாதிரிகளாகின்றன. வளையத்தின் ஊடே செல்லும் போல்ட்டை முடுக்கினால் வளையம் நெருங்கி, அதன் வெளிமுகம் இழுபடும். போல்ட்டும் அலுமினியமும் உப்புநீரில் மின்கலமாகி முடிவைக் கெடுக்காதிருக்க, போல்ட்டின் மேல் காப்புப் பூச்சு இடுவார்கள். பிறகு மாதிரி ஒவ்வொரு மணி நேரத்திலும் 3.5 சதவீத உப்புநீரில் 10 நிமிடம் மூழ்கி, 50 நிமிடம் காற்றில் உலரும். உலரும் வேளையில் மேற்பரப்பில் தங்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உப்பு செறிகிறது, ஆக்சிஜனும் தாராளமாகச் சேர்கிறது. தடிமன் திசை மாதிரிகளுக்கு 2000 வரிசையில் 10 நாள், 7000 வரிசையில் 20 நாள். செம்புக் கலவைகளில் குழியரிப்பு கடுமையாக இருப்பதால் கூடுதல் நாள் வைப்பதில் பயனில்லை. குழிகளால் மெலிந்து முறிந்த மாதிரி விரிசலால் உடைந்ததாகத் தோன்றிவிடும். ஐயம் எழுந்தால் மாதிரியை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இச்சோதனைகளின் பலன் 7075 கலவையில் தெளிவாகத் தெரியும். உச்ச வலிமைக்குப் பதப்படுத்திய டி6 நிலையில், தடிமன் திசையில் சுமார் 50 மெகாபாஸ்கல் தகைவே ஆபத்தாகலாம். கூடுதலாக முதிர்வித்த டி73 நிலை ஏறத்தாழ 300 மெகாபாஸ்கல் வரை தாங்கும். விலையாக வலிமையில் 10 முதல் 15 சதவீதம் போகும். அந்த விலை கொடுக்கத் தக்கதே. டி73 பதம் சரியாக வந்ததா என்பதை உற்பத்திக் கூடத்தில் மின்கடத்துதிறனை அளந்தே விரைவில் அறியலாம்.

செம்பு மிகக் குறைந்த 7000 வரிசைக் கலவைகளுக்கு மூழ்கி உலரும் முறை நம்பகமாகப் பொருந்துவதில்லை. அவற்றைக் கொதிக்கும் 6 சதவீத உப்புநீரில் வைத்துச் சோதிக்கிறார்கள். வெட்டவெளிக் காற்றில் அவை நடந்துகொள்ளும் விதத்தோடு அந்த முடிவே நன்றாக ஒத்துப்போகிறது.