சிறுநீர் டியூபின் கதை

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் கட்டிலோரம் யூரின் பேக் தொங்குவது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. புராஸ்டேட் வீக்கம், பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு என்று காரணங்கள் பல. நம் திருத்தணிக்காரர்கள் வேலூருக்கோ, சென்னைக்கோ, திருப்பதிக்கோ போய் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டியூபும் கூடவே வந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இந்த டியூபின் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அடைபட்ட சிறுநீரைக் குழாய் விட்டு எடுப்பது பழைய வித்தை. சுசுருத சம்ஹிதையிலேயே அதற்கான கருவிகள் சொல்லப்பட்டுள்ளன. 1752-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் அண்ணனுக்காக, வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்து அனுப்பினார். அவையெல்லாம் பெரும்பாலும் வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும் குழாய்கள். உள்ளேயே நிற்க வேண்டுமானால் கட்டியோ ஒட்டியோதான் வைக்க வேண்டும்.

1930-களில் அமெரிக்க டாக்டர் பிரெடெரிக் ஃபோலி அந்தக் குறையைத் தீர்த்தார். குழாயின் நுனிக்கருகே ஒரு சின்ன பலூன். உள்ளே போனதும் அதில் தண்ணீர் ஏற்றினால் குழாய் நழுவாது. காப்புரிமை வழக்கில் ஃபோலி தோற்றுப்போனார். ஆனாலும் உலகம் முழுக்க இன்றும் அது 'ஃபோலி'தான்.

நாள்கணக்கில் குழாய் தங்க ஆரம்பித்ததும் கிருமியும் தங்க ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் குழாயின் மறுமுனை திறந்த பாட்டிலில் கிடக்கும். நான்கு நாளுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி சேர்ந்துவிடும். 1958-இல் டாக்டர் பால் பீசன் என்பவர் 'கத்தீட்டருக்கு எதிரான வழக்கு' என்ற தலைப்பிலேயே ஒரு தலையங்கம் எழுதினார். 1960-களில் மூடிய பை பரவலாக வந்தது. அதன் பிறகும் ஆபத்து தள்ளிப்போனதே தவிர நீங்கவில்லை. மூடிய பை இருந்தாலும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குப் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதத்தில் தப்பியவர் அநேகமாக யாருமில்லை.

சரவணப் பொய்கைப் படியில் கால் வைத்தால் பாசி வழுக்குகிறதல்லவா? அதேபோலக் குழாயின் சுவரில் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்குவதில்லை. சில கிருமிகள் சிறுநீரில் உப்புப் படியச் செய்து குழாயையே அடைத்துவிடும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் காலோடு சிறுநீர்ப்பையும் கட்டுப்பாட்டை இழக்கும். ஒரு காலத்தில் அவர்களில் பலர் சிறுநீர்த் தொற்றாலேயே இறந்தார்கள். 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-இல் அமெரிக்க டாக்டர் லாபிடெஸ், நோயாளியே சுத்தமான கையால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். பழைய வித்தையே திரும்பி வந்தது! நிரந்தரக் குழாயைவிட அதில் தொற்று குறைவு.

அடுத்த அத்தியாயம் சென்னையில். 2008 தொடக்கத்தில் சுவீடனில், டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், மிக வலுவான மருந்துகளுக்கும் மசியாத கிருமி கிடைத்தது. அதற்குக் காரணமான மரபணுவுக்கு என்.டி.எம்-1 என்று டெல்லியின் பெயரையே வைத்தார்கள். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் லான்செட் குழும இதழில் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. பெயரைப் பற்றி நாடே சண்டை போட்டது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' உருவாக்கின. 2014 மார்ச் முதல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்றால் மருந்துக்கடைக்காரர் பதிவு வைக்க வேண்டும் என்று விதி வந்தது.

இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பல நாள் டியூப் இருப்பவரின் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்தால் கிருமி வரத்தான் செய்யும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் ஏதும் இல்லாதபோது, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரை விழுங்கினால் பெரும்பாலும் பலனில்லை. கிருமிக்குத்தான் பயிற்சி கிடைக்கும். அந்த அறிகுறிகள் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

பையை இடுப்புக்குக் கீழேயே வையுங்கள், தரையில் கிடத்தாதீர்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். இணைப்பைத் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். பலூன் உள்ளே இருப்பதால் நீங்களாக இழுத்து எடுக்கவே கூடாது. டியூப் போட்ட தேதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்து, டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் கேளுங்கள்: "ஐயா, இதை இன்றைக்கு எடுத்துவிடலாமா?"