பௌத்தத் திருவிடங்களும் அவற்றின் குறியீடுகளும்: நாகப்பட்டினம் தரும் பாடம்

அண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் ஊழியஞ்செய்யும் நாம், மலையையே இறைவனின் திருவுருவாகக் கொண்டு வழிபடும் மக்களிடையே வாழ்கின்றோம். ஆதலின், எந்தப் படிமத்தைக் கண்டாலும் அதனைத் தெய்வம் உறையும் உருவாகவே மக்கள் கொள்கின்றனர் என எண்ணுவது நமக்கு இயல்பாகிவிட்டது. இவ்வெண்ணத்தைக் கொண்டு புத்தர் படிமத்தை அளந்தால் நாம் பெரிதும் தவறுவோம். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை அவனது சமயத்தைக் குறித்து நாம் பேசும் பேச்சுக்கும் உரியதன்றோ? ஆகவே, தமிழகப் பௌத்தத் திருவிடங்கள் எதனைக் குறித்தன என்பதை வரலாற்றின் துணைகொண்டு இங்கு ஆராய்வோம்.

வெற்றிருக்கை

பௌத்தச் சிற்பக்கலையின் தொடக்க நிலையில் புத்தரின் மனித உருவம் பொதுவாகச் செதுக்கப்படவில்லை. ஆந்திர நாட்டு அமராவதியின் பழைய சிற்பங்களில் ஒருவரும் அமராத இருக்கையும், அடிச்சுவடும், அறவாழியும், போதி மரமுமே அவரைக் குறிக்கின்றன. இவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. நிர்வாணம் அடைந்தவரைப் பிறப்பு இறப்புக்குட்பட்ட உருவில் காட்டாது, அவர் சென்ற வழியைக் காட்டினர் என இதற்குப் பொருள் கூறுவோர் உளர்.

இக்குறியீடு தமிழ் மண்ணுக்கும் அயலானதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவத் தீவிலுள்ள புத்த பீடிகையைத் தொழுதபோதே அந்நங்கை தன் முற்பிறப்பை அறிகின்றாள். ஆங்கு அவளுக்கு அறிவு தந்தது படிமமன்று. ஆசான் அமர்ந்த இருக்கையே. காவிரிப்பூம்பட்டினத்தைச் சேர்ந்த பல்லவனேச்சுரத்தில் நிகழ்ந்த அகழாய்வில் புத்த விகாரத்தின் அடிப்பகுதியோடு புத்தபாதக் கல்லும் கிடைத்தது.

கேருபீன்களிடையே உருவமெதுவும் இன்றி விளங்கிய கிருபாசனத்தை அறிந்த நாம் இவ்வெற்றிருக்கையின் முன் சற்றே நின்று சிந்திக்கலாம். எனினும் இரண்டும் ஒன்றெனக் கூறலாகாது. கிருபாசனம், காணப்படாத தேவன் தம் மக்களோடு பேசும் இடம். பௌத்த இருக்கையோ, கடந்து சென்ற ஆசானின் போதனையை நினைப்பூட்டும் இடம். ஒப்புமையோடு வேற்றுமையையும் காண்பதே நேர்மையான ஆய்வு.

படிமமும் அதன் மொழியும்

பௌத்த மரபு வணக்கத்துக்குரியவற்றை மூவகையாகப் பிரிக்கின்றது. புத்தரின் உடலெச்சங்களும் அவற்றைக் கொண்ட தூபியும் முதல் வகை. போதி மரம் போன்று அவர் பயன்படுத்தியவை இரண்டாம் வகை. அவரை நினைவுறுத்தும் படிமங்கள் மூன்றாம் வகை. படிமம் இங்கு நினைவுச் சின்னமாக எண்ணப்படுவது நோக்கத்தக்கது. எளிய மக்கள் அதனிடம் வரம் வேண்டியதும் உண்டு. ஆயினும் ஒரு சமயத்தின் போதனையையும் மக்களின் வழக்கத்தையும் பிரித்தறிதல் நமக்குக் கடன்.

இப்படிமங்களின் மொழியை அறிவதற்கு நாகப்பட்டினம் சிறந்த இடம். ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் சூளாமணிவர்மரின் பெயரால் அங்கு எழுந்த விகாரத்துக்கு, முதலாம் இராசராச சோழர் ஏறத்தாழ 1006இல் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தார். சைவராகிய அரசர் பௌத்தப் பள்ளிக்கு ஈந்த இக்கொடையை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற 21 ஏடுகள் கூறுகின்றன. 1856 முதல் 1934 வரையில் அவ்வூரில் ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புப் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. டி. என். இராமச்சந்திரன் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1954இல் வெளிவந்தது.

இப்படிமங்களில் புத்தரின் உச்சியில் எழும் தீச்சுடர் ஞானத்தைக் குறிப்பது. உயர்த்திய வலக்கை அஞ்சேல் என்கின்றது. மடிமேல் ஒன்றன்மேலொன்றாய் அமைந்த கைகள் தியானத்தையும், நிலத்தைத் தொடும் கை, ஞானம் பெற்ற வேளையில் பூமியைச் சாட்சியாக அழைத்த நிகழ்ச்சியையும் உணர்த்துகின்றன. நீண்ட காதுமடல், அரசகுமாரனாய் அணிந்திருந்த கனத்த குழைகளைத் துறந்ததை நினைவூட்டுவதாகச் சொல்வர். எழுத்தறியாதவரும் கற்கத்தக்க பாடங்கள் இவை.

1867ஆம் ஆண்டு

அதே நாகப்பட்டினத்தில் புதுவெளிக் கோபுரம் அல்லது சீனக் கோபுரம் என வழங்கிய மூன்று நிலைச் செங்கற்கட்டடம் ஒன்றிருந்தது. பௌத்தத் திருவிடத்தின் எச்சமென ஆய்வாளர் கருதிய அதனை 1846இல் சர் வால்டர் எலியட் கண்டு குறிப்பெழுதினார். 1867இல், அரசாங்கத்தின் அனுமதியுடன், இயேசு சபைக் குருமார் அதனை இடித்தனர். இது பிற திருச்சபையாரைக் குறை கூறுவதற்காகச் சொல்லப்படுவதன்று. பிறர் திருவிடத்தைப் பொருளற்ற இடிபாடாகக் கண்ட மனப்பான்மை அந்நாளில் எல்லாச் சபையாரிடத்தும் காணப்பட்டது.

அதே 1867இல் சென்னையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1713இல் எழுதி முடித்த, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிய நூல், ஒன்றரை நூற்றாண்டு கழித்து அச்சேறிற்று. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஹாலே நகரத்துப் பெரியோர் அதனை அச்சிட மறுத்திருந்தனர். தமிழரிடமே கேட்டுக் கற்று எழுதிய அவ்வூழியர், தம் சுவிசேஷப் பணியில் தளர்ந்தாரில்லை. ஒரே ஆண்டில் ஒருபுறம் கோபுரம் வீழ்ந்தது. மறுபுறம் பொறுமையான ஆய்வு வெளிச்சம் கண்டது. இவ்விரண்டில் எவ்வழி நம்முடையது?

இன்றைய கடமை

இவ்வினா பழங்கதையன்று. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என வழிபடப்பட்ட சிலை புத்தருடையதே எனத் தொல்லியல் துறை ஆய்ந்து கூறியதை ஏற்று, 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதரின் வழியிலும், 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய டாக்டர் அம்பேத்கரின் வழியிலும் நடப்போர் நம் ஊர்களில் உளர். நம் சபையாரின் உறவினராகவும் உளர். அவர்கள் வீட்டிலுள்ள புத்தர் படிமத்தை, இழிவினின்று மீண்ட தம் மாண்பின் அடையாளமாகவும் அவர்கள் போற்றுகின்றனர். அதனை வெறும் விக்கிரகம் என்று பிரசங்க பீடத்தினின்று நாம் கூறுவோமாயின், அவர்களது துன்பத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே இகழ்ந்தவராவோம்.

பவுல் அப்போஸ்தலர் அத்தேனே பட்டணத்தாரின் வழிபாட்டிடங்களைச் சுற்றி நோக்கிய பின்னரே மார்ஸ் மேடையில் பேசினார். அவர் கண்டதைக் கண்டபடியே கூறினார். தம் சாட்சியையும் மறைத்தாரில்லை. கிறிஸ்துவே மெய்யான வழி என நாம் அறிவிக்கும்போது, பிறர் வழியைத் திரித்துக் கூறி அச்சாட்சிக்கு வலிமை தேட வேண்டியதில்லை. இறையியல் மாணவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்று நாகப்பட்டினப் படிமங்களின் முன் அமைதியாய் நின்று கற்பார்களாக. ஆயர்கள் தத்தம் சேகரத்தின் வயலோரங்களில் கிடக்கும் பழஞ்சிலைகள் எவை எனக் கேட்டறிந்து, அவை சிதையாது காக்கத் துணைபுரிவார்களாக. கேட்டறிந்தபின் பேசும் சொல்லே அயலானின் செவியில் ஏறும்.