வெள்ளித்தட்டும் கண்ணாடிக் குடுவையும்: பரிசிற்சொற்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முகலாய அரசவையில் ஆடவரிடையே கைமாறிய கைவினைப் பொருள்களுள் புகைக்கலனுக்குத் தனியிடம் உண்டு. அப்பொருளையும் அது கைமாறிய முறையையும் குறிக்கும் சொற்களை ஒருசேர நோக்கின், கொடுத்தோர்க்கும் கொண்டோர்க்கும் இடையே நிலவிய உறவின் வரலாறு புலனாகும். மொழிபெயர்ப்பில் ‘பரிசு’ என்னும் ஒரே சொல் இவ்வுறவை மறைத்துவிடக்கூடும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீஜப்பூருக்குத் தூது சென்று மீண்ட அசத் பேக், 1604-05 அளவில் அக்பருக்குப் புகையிலையை அறிமுகம் செய்த நிகழ்ச்சியைத் தம் பாரசீகக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். மணிகள் இழைத்த குழலும் சூதுபவள வாய்முனையும் வெள்ளித்தட்டில் அழகுற வைத்து அளிக்கப்பட்டன; குழலை இட்டுவைக்க வெள்ளிக்கூடு ஒன்றும் செய்யப்பட்டிருந்தது. மருத்துவர் தடுத்தபோதும், அளித்தவர் மனம் மகிழும்பொருட்டுச் சிறிதேனும் புகைத்தல் வேண்டும் என்றே பேரரசர் கருதினார். கொள்பவர் பேரரசரேயாயினும் பரிசில் அவரைக் கட்டுப்படுத்தியது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1617இல் ஜஹாங்கீர் புகையிலையைத் தடை செய்தார். எனினும் வழக்கம் பெருகவே செய்தது.

நீரின் வழியே புகையை ஈர்க்கும் கலன் ‘ஹுக்கா’ எனப்பட்டது. சிமிழ், சிறுபேழை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே இது. கொள்கலத்தின் பெயர் முழுக் கருவிக்கும் ஆகிவந்துள்ளது. ‘நார்கிலே’ என்னும் பிறிதொரு பெயர், தேங்காயைக் குறிக்கும் ‘நார்கீல்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது. தேங்காய்ச் சிரட்டையே நீர்க்கலனாகப் பயன்பட்டமை இதனால் விளங்கும். கன்னடத்தின் ‘குடுகுடி’யோ நீர் கொப்பளிக்கும் ஒலியால் அமைந்த பெயராகும். ஆக, ஒரே கருவி வடிவாலும் மூலப்பொருளாலும் ஒலியாலும் மும்முறை பெயர் பெற்றுள்ளது.

அவைக்குரிய கலன்கள் சிரட்டையினின்று வெகுதொலைவு சென்றன. பீதர் நகரக் கைவினைஞர் துத்தநாகத்துடன் சிறிதளவு செம்பு கலந்து குடுவை வார்த்து, செதுக்கிய பள்ளங்களில் வெள்ளித் தகட்டையும் கம்பியையும் அடித்துப் பதித்தனர். கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த குழம்பைப் பூச, உலோகம் கருக்க, வெள்ளி மட்டும் வெண்மை மாறாது நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாயால் ஊதிச் செய்த கண்ணாடிக் குடுவைகளும் சிறப்புற்றன. பச்சை, நீல நிறக் கண்ணாடியின்மீது பொன்வண்ணத்தில் மலர்கள் தீட்டப்பட்டன. இந்தியச் சந்தைக்கென இங்கிலாந்திலும் இத்தகைய குடுவைகள் செய்யப்பட்டன.

இனி, கைமாறிய முறைக்குரிய சொற்களை நோக்கலாம். கீழோர் மேலோர் முன் கொணர்ந்து வைப்பது ‘பேஷ்கஷ்’. ‘முன்’ என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் இதன் முதற்கூறாகும். பணிவின் அடையாளமாக அளிப்பது ‘நஸ்ர்’. நேர்த்திக்கடன் என்பதே இதன் மூலப்பொருள். மேலோர் கீழோர்க்கு அணிவிக்கும் ஆடை ‘கில்அத்’; களைதல் என்னும் அரபு வேரினின்று வந்த இச்சொல், அரசர் தம் மேனியினின்று களைந்தளித்த ஆடையைச் சுட்டும். மேலோர் அருளிக் கொடுப்பது ‘இனாம்’. எனவே ஒரே வெள்ளிக் கலன், மேல்நோக்கிச் சென்றால் ஒரு பெயரும் கீழ்நோக்கி வந்தால் வேறு பெயரும் பெறும்.

கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இக்கட்டுப்பாட்டின் வலிமையை உணர்ந்தனர். 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம், கம்பெனி அலுவலர் இந்திய அரசர்களிடமிருந்து பரிசில் பெறுவதைத் தடுத்தது. ஆங்கில வழக்கில் கையூட்டு என்று ஐயுறப்பட்டதே அவை வழக்கில் மரியாதையாக இருந்தது. ஹுக்காவோ விலக்கப்படவில்லை. 1779இல் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய விருந்தழைப்பொன்று, ஹுக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளரை அழைத்துவர வேண்டா எனக் கேட்டுக்கொண்டது.

தமிழிலும் இவ்வேறுபாடுகட்குச் சொற்கள் இல்லாமலில்லை. இரவலர் பெறுவது பரிசில். தலைவரைக் காண்போர் கொண்டுசெல்வது கையுறை. பணிந்தோர் செலுத்துவது திறை. ஆயின் ‘கையுறை’ இன்று கைக்கு அணியும் உறையையே பெரிதும் குறிக்கிறது. ‘இனாம்’ இலவசம் என்னும் அளவில் சுருங்கிவிட்டது. ஆதலின் அவைக் குறிப்புகளை மொழிபெயர்ப்போர், கலன் வெள்ளியா கண்ணாடியா என்பதைத் தெளிவது போலவே, அது எக்கையினின்று எக்கைக்குச் சென்றது என்பதையும் தெளிதல் வேண்டும். கொடுத்தலின் திசை தவறின், பணிந்தவர் புரவலராகவும் புரவலர் பணிந்தவராகவும் மாறிவிடுவர். சொல்லோடு வரலாறும் பிறழ்ந்துவிடும்.