வல்லாரை களிம்பான வரலாறு

வயல் வரப்பிலும் குளக்கரை ஈரத்திலும் படரும் வல்லாரையை நினைவாற்றலுக்கும் தோல் நோய்களுக்கும் உரிய மூலிகையாகச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தபோதிலும், ஐரோப்பிய மருத்துவர்கள் அதன்பால் கவனம் திருப்பியது 1850களில், தொழுநோய்க்கு மருந்து தேடிய காலத்தில்தான். மொரீஷியசில் பொய்லோ என்னும் மருத்துவர் 1852இல் அதனைப் புகழ்ந்துரைத்ததை அடுத்து, சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் ஹண்டர் என்னும் மருத்துவர் அதைச் சோதித்து, அந்நோயைத் தீர்க்கும் தனிமருந்து அது அன்று என்ற முடிவுக்கு வந்தார். ஆயினும் வல்லாரை கைவிடப்படவில்லை. 1868இல் வெளியான இந்திய மருந்துநூல் அதன் பொடியையும், இலையை அரைத்துப் புண்மீது வைத்துக் கட்டும் பற்றையும் ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு மருந்தாளுநர் லெப்பின், செடியிலிருந்து கசப்புச் சுவையும் இலையின் மணமும் கொண்ட எண்ணெய் போன்றதொரு பொருளைப் பிரித்து, தமிழ்ப் பெயரை ஒட்டி 'வெல்லாரின்' என்று அழைத்தார். பின்னர் வந்த வேதியியலாளர்களுக்கு அப்பொருள் கிட்டவில்லை. உள்ளூர் வழக்கம் இலையை வெயிலில் காயவைக்காமல் நிழலில் உலர்த்திச் சூரணம் செய்வதாக இருந்தமை, இலையின் வீரியம் எளிதில் சிதைவதை உள்ளூர் மருத்துவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர் என்று கருத இடமளிக்கிறது.

வல்லாரையின் உட்பொருளாக இன்று அறியப்படும் ஏசியாட்டிகோசைடு, மூன்று சர்க்கரை அலகுகள் இணைந்த, சபோனின் எனப்படும் நுரைக்கும் இயல்புடைய சேர்மங்களுள் ஒன்று. அதனை 1941இல் போந்தெம் பிரித்தெடுத்தார். மடகாஸ்கரில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் புவாத்தோவும் அந்நாட்டு அறிஞர் ரட்சிமமங்காவும் அதைத் தொழுநோய்க்கும் புண்களுக்கும் ஆராய்ந்த உழைப்பே, பிரான்சில் 'மெடெகசோல்' என்னும் காயக் களிம்பு உருவாக வழிவகுத்தது. சென்னையில் தொழுநோய் மருந்தாகத் தேறாத செடி, நூறாண்டு கழித்து மடகாஸ்கர் வழியாகப் புண்ணாற்றும் மருந்தாக மீண்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புண்ணில் வைத்துக் கட்டியவர்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர்.

ஏசியாட்டிகோசைடு புண்ணை ஆற்றும் முறை குறித்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் உருவாவதை அச்சேர்மம் தூண்டுகிறது என்பதே முதல் விளக்கமாக இருந்தது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தினர் 1999இல் வேறொரு கூறைக் காட்டினர்: எலிகளின் காயத்தில் 0.2 விழுக்காட்டுக் கரைசலை நாள்தோறும் இருமுறை 7 நாள் தடவியபோது, திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை முறியடிக்கும் நொதிகளும், வைட்டமின் சி, ஈ ஆகியனவும் புதிய திசுவில் உயர்ந்தன. 14ஆம் நாளில் அந்த வேறுபாடு காணப்படாமையால், அவ்விளைவு காயம் ஆறத் தொடங்கும் கட்டத்துக்கே உரியதென அவர்கள் கொண்டனர்.